பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கப் போகிறீர்களா? மேஸ்திரி முதல் கடன் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இன்ஜினியரும் இல்லை, புரோக்கரும் இல்லை. சென்னைப் புறநகரில் மூன்று பழைய வீடுகளை வாங்கி, சரி பண்ணி, வாடகைக்கு விட்டவன். அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள், அவர்களின் நண்பர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே தொகுத்துவிட்டேன். சட்டம், வரி பற்றிய பதில்கள் தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் உரியவை.

மேஸ்திரி, காண்ட்ராக்டர், இன்ஜினியர்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. நான் யாரைத்தான் கூப்பிடணும்?

வேலையைப் பொறுத்தது. பெயின்ட், டைல்ஸ், ஒரு பாத்ரூம், கொஞ்சம் பூச்சு என்றால் நல்ல மேஸ்திரி போதும். கொத்தனார், சித்தாள், டைல்ஸ் போடுபவர், பிளம்பர் எல்லாரையும் அவரே கூட்டி வருவார். வீடு முழுக்க வயரிங், பைப், தரை, சமையலறை எல்லாம் மாற்றப் போகிறீர்கள், தினமும் போய் நிற்க நேரமில்லை என்றால் காண்ட்ராக்டர். அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது, ஆட்களை ஒருங்கிணைக்கும் தலைவலிக்கான கூலி.

கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, தூணில் விரிசல் இருந்தாலோ, சுவரை எடுக்கும் யோசனை இருந்தாலோ முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அதாவது கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்கிடுபவர். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டைத் தள்ளியிருக்கும். மேலே பூசி மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

நல்ல மேஸ்திரி எங்கதான் கிடைப்பார்? நெட்டில் தேடினா எல்லாருக்கும் அஞ்சு ஸ்டார் இருக்கே?

நான் ஸ்டார் பார்ப்பதில்லை. வீடு இருக்கும் தெருவிலேயே நடந்து பார்ப்பேன். எங்கே மணல் கொட்டியிருக்கிறது, எங்கே சாரம் கட்டியிருக்கிறது என்று பார்த்து, அந்த வீட்டுக்காரரிடமே பேசுவேன். அப்புறம் ஹார்டுவேர் கடை, டைல்ஸ் கடை. எந்த மேஸ்திரி வாங்கிய சிமெண்டுக்கு ஒழுங்காகப் பணம் கட்டுகிறார், யார் பாக்கி வைத்துவிட்டுக் கடை மாறுகிறார் என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. கடையில் பாக்கி வைத்திருப்பவர் உங்கள் அட்வான்ஸை வாங்கிப் பழைய பாக்கியை அடைப்பார். உங்கள் வேலைக்கு அடுத்தவர் அட்வான்ஸ் வர வேண்டும்.

அவர் முடித்த வேலைகளில் இரண்டைப் பாருங்கள். ஒன்று இப்போது நடப்பது, இன்னொன்று இரண்டு மழைக்காலம் பார்த்த வீடு. பழைய வீட்டில் பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் சுவரைத் தொட்டுப் பாருங்கள், உப்புப் பூத்திருக்கிறதா என்று. "முடிச்ச அப்புறம் கூப்பிட்டா வந்தாரா?" என்று மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டால் போதும்.

பத்திரம் போடுறதுக்கு முன்னாடியே மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போகலாமா?

கட்டாயம் போங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். சுவரை யாரும் பார்ப்பதில்லை. மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போனால், "இந்தத் தளம் ஒழுகுது, மேல பதிச்ச தட்டோடு எல்லாம் எடுத்துப் போடணும்" என்று சொல்லும் ஒரு வார்த்தையை வைத்தே விலையைக் குறைக்கலாம். முன்பணம் கொடுத்த பிறகு அதே விஷயம் தெரிந்தால் அது உங்கள் செலவு.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் 2015 டிசம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சென்னையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத பழைய குடித்தனக்காரர் கிடையாது. புதுப் பெயின்ட் அடித்த வீட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள், அதிலும் தரையிலிருந்து மூன்று அடி வரை மட்டும் புதிதாக அடித்திருந்தால்.

மூணு பேர் மூணு விலை சொல்றாங்க. ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புறது?

மூன்றையும் நம்ப வேண்டாம். மூன்று பேரும் மூன்று வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். "பாத்ரூம் புதுசு பண்ணணும்" என்று நீங்கள் சொன்னதை ஒருவர் டைல்ஸ் மாற்றுவது என்று எடுத்துக்கொண்டார். இன்னொருவர் பழைய ஜிஐ (இரும்பு) பைப்பை எடுத்துவிட்டு சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப் போட்டு, வாட்டர்புரூஃபிங் பண்ணி, இடிபாட்டை லாரியில் ஏற்றி விடுவது வரை கணக்குப் போட்டார்.

அதனால் விலை கேட்கும் முன் நீங்களே ஒரு பட்டியல் எழுதுங்கள். எந்த அறை, என்ன வேலை, எத்தனை சதுர அடி, எந்த கம்பெனி பொருள், எத்தனை கோட், இடிபாட்டை யார் அள்ளுவது. மூவருக்கும் அதே தாள். பூச்சு வேலையை நம் ஊரில் சதுரக் கணக்கில் பேசுவார்கள், ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி. கதவு, ஜன்னல் இடத்தைக் கழிப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சின்ன ஓட்டைகளைக் கழிக்காமலும், கதவு ஜன்னலுக்கு ஒரு பக்கம் மட்டும் கழித்தும் அளப்பது பரவலான முறை, ஏனென்றால் உள்விளிம்பையும் அவர்கள் பூச வேண்டும். முன்பே பேசாவிட்டால் கடைசி நாளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை வரும். ஒரே தாளுக்கும் ஒருவர் மட்டும் ரொம்பக் குறைத்துச் சொன்னால், அவர் எதையோ விட்டிருக்கிறார். பாதியில் "அது நம்ம பேச்சுல இல்லையே சார்" என்பார்.

லேபர் மட்டும் விடலாமா, மெட்டீரியலோட விட்டுடலாமா?

முதல் வீட்டுக்கு லேபர் மட்டும் விடுங்கள், பொருளை நீங்களே வாங்குங்கள். அலைச்சல்தான், ஆனால் எவ்வளவு சிமெண்ட், எத்தனை யூனிட் எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்), பெயின்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டி எவ்வளவு பிடிக்கிறது என்று கை அறியும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லோடு வந்ததும் லாரியில் இருக்கும்போதே நீளம், அகலம், உயரம் அளந்துவிடுங்கள். கொட்டிய பிறகு அளக்க முடியாது.

டைல்ஸைத் தேவைக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். குறைந்து போய் மறுபடி வாங்கினால் நிறம் லேசாக மாறும். மீதி நாலு டைல்ஸைப் பரணில் போட்டு வையுங்கள், என்றாவது பைப் உடையும். இரண்டாவது வீட்டிலிருந்து மெட்டீரியலோடு விடலாம், அதற்குள் விலை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம்? பாதி கேட்கிறாரே.

பாதி தர வேண்டாம். என் முதல் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆள் நல்லவராகத்தான் தெரிந்தார், பொங்கலுக்கு ஊருக்குப் போகணும் என்றார், மொத்தத்தில் அறுபது சதவீதம் கொடுத்துவிட்டேன். பொங்கல் முடிந்து ஆட்கள் திரும்பவில்லை. வேறு ஆட்களை வைத்து அவசரமாக டைல்ஸ் ஒட்டினார், கீழே வாட்டர்புரூஃபிங் இல்லை. மூன்றாவது மாதம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். புது டைல்ஸை உடைத்து மறுபடி போட்டேன். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. வேலை இருபது சதவீதம் நடந்திருக்க, பணம் அறுபது சதவீதம் போயிருந்தது. அதற்கு மேல் அவர் வருவதற்கு என்ன காரணம் இருந்தது?

இப்போது லேபர் வேலைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் தருவதில்லை. மீதி, ஒவ்வொரு கட்டம் முடிந்து நான் பார்த்த பிறகு. இடிப்பு முடிந்ததும் ஒரு தொகை, பைப் போட்டு பிரஷர் சோதித்ததும் ஒன்று, பாத்ரூம் தரையில் டைல்ஸுக்கு முன் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்திக் கீழே கசியவில்லை என்று தெரிந்ததும் ஒன்று. கடைசிப் பத்து சதவீதம், முடிந்து ஒரு மாதம் கழித்து. ஆட்களுக்குச் சனிக்கிழமை வாரக்கூலி போக வேண்டும் என்பது நிஜம்தான், அதனால் கட்டங்களைச் சின்னதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டமாக வைத்தால் மேஸ்திரி வெளியே வட்டிக்கு வாங்குவார், அந்த வட்டி உங்கள் வேலையின் தரத்தில்தான் கழியும்.

எல்லாத்தையும் எழுதி வாங்கினா மேஸ்திரி கோவிச்சுக்க மாட்டாரா?

"எனக்கு ஞாபக மறதி அண்ணே, எழுதி வச்சுக்கிறேன்" என்று சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். மேலே சொன்ன பட்டியல், தொகை, கட்டங்கள், முடிக்கும் தேதி. கீழே இருவர் கையெழுத்து. அதையே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியில் கூடுதல் வேலை வந்தால் அன்றைக்கே விலை பேசி அதே வாட்ஸ்அப்பில் போடுங்கள். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பவரை நான் அங்கேயே விட்டுவிடுவேன்.

வீட்டுக் கடன்லயே ரிப்பேர் செலவையும் சேர்த்து வாங்க முடியாதா?

இங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பத்திரச் செலவை மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 9.

45 லட்சத்துக்கு வீடு என்று வையுங்கள். வங்கி அதிகபட்சம் 36 லட்சம். உங்கள் கையிலிருந்து 9 லட்சம், பத்திரத்துக்கு 4 லட்சத்துக்கும் கொஞ்சம் மேல். ரிப்பேருக்கு முன்பே 13 லட்சம் கரைந்துவிட்டது. கையிலிருந்ததை எல்லாம் முன்பணமாகக் கொட்டிவிட்டு, சாவி வாங்கிய பிறகு வேலைக்குப் பணம் தேடுவதுதான் வழக்கமான கதை. ரிப்பேர் தொகையை வீடு தேடும்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் என்ன வீடு வாங்க முடியும் என்று பாருங்கள்.

வங்கிகளும் வீட்டுக் கடன் நிறுவனங்களும் புதுப்பிப்புக்கென்றே தனிக் கடன் தருகின்றன, வட்டி வீட்டுக் கடனை ஒட்டித்தான் இருக்கும். இன்ஜினியர் கையெழுத்திட்ட எஸ்டிமேட் கேட்பார்கள், பணம் பெரும்பாலும் வேலை நடக்க நடக்கத்தான் வரும். அதனால் முதல் கட்டத்துக்கு உங்கள் பணம் வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காகத் தவணை கட்டும் வீட்டுக் கடன் இருந்தால், அதன் மேல் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) கேட்டுப் பார்க்கலாம். இருப்பதில் அலைச்சல் குறைந்த வழி அதுதான்.

நகையை வைக்கலாமா, சீட்டு எடுக்கலாமா, பர்சனல் லோனா?

நகைக்கடன் சீக்கிரம் கிடைக்கும், வட்டியும் பர்சனல் லோனைவிடப் பொதுவாகக் குறைவு. ஒரு வருடத்தில் திருப்ப முடியும் என்று தெளிவாகத் தெரிந்த தொகைக்கு மட்டும் வையுங்கள். வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்து நகையையே இழந்தவர்கள் எல்லார் குடும்பத்திலும் உண்டு. அப்புறம், நகை வீட்டில் யாருடையது என்பதையும் யோசியுங்கள். நான் அம்மா நகையை வைத்தபோது வட்டியைவிட அம்மாவின் முகம்தான் அதிகம் உறுத்தியது.

சீட்டு என்றால் பதிவு செய்த சீட்டு மட்டும். 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும். நடத்துபவரின் கமிஷனுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு உச்ச வரம்பு 7 சதவீதம். முதல் சில மாதங்களிலேயே ஏலத்தில் எடுத்தால், சீட்டுத் தொகையில் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி அதிகம் போகும். அந்தத் தள்ளுபடிதான் நீங்கள் கட்டும் வட்டி. வீடு வாங்கப் போவது ஒரு வருடம் முன்பே தெரிந்தால் அப்போதே சீட்டில் சேர்ந்து, நடுவில் எடுப்பது புத்திசாலித்தனம்.

பர்சனல் லோன் கடைசி வழி. நண்பர், உறவினரிடம் வாங்குவதானாலும் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. வங்கிக் கணக்கு வழியாகவே வாங்குங்கள்.

ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்துலயே வேலையை முடிச்சுட்டா என்ன?

ஒத்தி, போகியம், லீஸ், ஊருக்கொரு பெயர். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைப்பது. வட்டி இல்லாத கடன் மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் முழுத் தொகையையும் ஒரே நாளில் திருப்ப வேண்டும். வாடகை வராத வீட்டிலிருந்து அந்தப் பணம் எப்படிச் சேரும்? புது ஆளிடம் வாங்கிப் பழைய ஆளுக்குக் கொடுப்பதுதான் நடக்கும், புது ஆள் கிடைக்கும் வரை பழையவர் நகர மாட்டார்.

வீடு வங்கியில் அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். இல்லாவிட்டாலும் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள், வெற்றுத் தாள் ஒப்பந்தம் இருவருக்குமே ஆபத்து. என்னைக் கேட்டால், தவணைக்குப் பணம் இல்லாதவர் ஒத்திக்கும் விடக் கூடாது.

எஸ்டிமேட்டுக்கு மேல எவ்வளவு கையில வச்சுக்கணும்?

முப்பது வருடப் பழைய வீட்டுக்கு நான் கால் பங்கு வைப்பேன். சுவரை உடைத்தால்தான் வயரிங் தெரியும். எர்த் இல்லாத பழைய வயரிங், கரையான் தின்ற நிலைக்கதவு, மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்றால் இன்னும் கூடும். மெட்ராஸ் டெரஸ் தெரிந்த கொத்தனார் இப்போது அரிது. தெரியாதவரை மேலே ஏற்றாதீர்கள்.

ஃபிளாட்டுல ஒரு சுவரை எடுத்து ஹாலைப் பெரிசு பண்ணணும். யார்கிட்ட கேட்கணும்?

முதலில் முதல் கேள்வியில் சொன்ன ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம். பழைய மூன்று மாடி ஃபிளாட்களில் பல, தூண் இல்லாமல் சுவரே பாரம் தாங்கும் கட்டடங்கள். அங்கே நீங்கள் எடுக்கும் சுவர் மேல்வீட்டுக்காரரின் அஸ்திவாரம். அப்புறம் அசோசியேஷனின் எழுத்துப்பூர்வ சம்மதம், வேலை நேரம், இடிபாடு இறக்கும் வழி. பெயின்ட், டைல்ஸ், பூச்சு மாதிரி வேலைகளுக்குத் திட்ட அனுமதி வேண்டியதில்லை. தனி வீட்டில் அறை கூட்டுவது, மாடி எடுப்பது என்றால் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

எந்த மாசம் ஆரம்பிச்சா ஆளும் கிடைக்கும், விலையும் படியும்?

ஆடி. புதுவீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், அதனால் நல்ல மேஸ்திரிகள் கையில் வேலை குறைந்திருக்கும். ரிப்பேருக்கு ஆடி பார்ப்பதில்லை என்றால் நல்ல ஆளே கிடைப்பார். தளமும் வெளிப்பூச்சும் புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும், ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு வாரம் முன்னும் பின்னும் ஆள் வராது, அதைத் தேதிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பில் இல்லாம வாங்கினா ஜிஎஸ்டி மிச்சம்னு கடைக்காரர் சொல்றாரே?

இன்றைக்கு மிச்சம். வீட்டை விற்கும்போது, கூடுதலாகக் கட்டியது, வீட்டின் மதிப்பைக் கூட்டும் பெரிய மாற்றங்கள் ஆகியவற்றின் செலவை வாங்கிய விலையோடு சேர்த்து மூலதன ஆதாயத்தை (வரி போடப்படும் விற்பனை லாபத்தை) குறைக்கலாம், பில் இருந்தால். வெறும் பெயின்ட், சில்லறை ரிப்பேர் அதில் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கே ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு வந்துவிட்டது, மிச்சமும் முன்பு போல இல்லை.

வாடகை வருமானத்தில் கதை வேறு. நீங்கள் ரிப்பேருக்கு எவ்வளவு செலவழித்தாலும், செலவே செய்யாவிட்டாலும், வீட்டு வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. புதுப்பிக்க வாங்கிய கடனின் வட்டியையும் வாடகைக்கு விட்ட வீட்டில் கழிக்கலாம். புதிய வரி முறையில் இருந்தால், அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு முறையையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேஸ்திரி பாதியில போயிட்டார், போனும் எடுக்கலை. என்ன பண்ணட்டும்?

இரண்டு நாள் பொறுங்கள், ஊரில் சாவு, திருவிழா ஏதாவது இருக்கும். அதற்குப் பிறகு, நடந்த வேலையை அளந்து, தேதி தெரியப் போட்டோ, வீடியோ எடுத்து, "இத்தனை நாளில் வராவிட்டால் வேறு ஆளை வைத்து முடிப்பேன்" என்று வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கட்டம் கட்டமாகப் பணம் கொடுத்திருந்தால் உங்கள் நஷ்டம் சின்னது. புது மேஸ்திரி வந்து முந்தையவரைத் திட்டுவார், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மீதி வேலைக்கு மட்டும் விலை கேளுங்கள்.

தொகை பெரிதென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். ஒரு சிக்கல்: வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால், "இவர் நுகர்வோர் இல்லை, வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு.

வேலை பார்க்கும்போது யாராவது விழுந்துட்டா?

பேசும்போதே கேளுங்கள், ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா, விபத்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று. வெளிச்சாரம் கட்டும் வேலை என்றால் இன்சூரன்ஸ் உள்ள காண்ட்ராக்டருக்கே விடுங்கள். வேலைக்கு மின்சாரம் எடுக்கும் இடத்தில் முதல் நாளே ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போட்டுவிடுங்கள்.

ஆறு லட்சம் செலவு பண்ணினா அந்தக் காசு திரும்ப வருமா?

அந்த 45 லட்சம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பத்திரம், ஆறு லட்சம் வேலை எல்லாம் சேர்த்து 55 லட்சம். மாதம் 15,000 வாடகை வந்தால் வருடத்துக்கு 1,80,000, அதாவது மூன்றேகால் சதவீதம். வீட்டுக் கடன் வட்டி அதைவிட எவ்வளவோ அதிகம். வாடகை மட்டுமே தவணையைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால் பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஆறு லட்சத்தைத் தனியாகப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் 11,000 வரும், செய்தால் 15,000 என்றால் வருடம் 48,000 கூடுகிறது, எட்டு சதவீதம். வட்டிக்குச் சரியாய்ப் போயிற்று. ஆனால் அந்த ஆறில் இரண்டரை லட்சம் ஃபால்ஸ் சீலிங்கும் அலங்கார விளக்கும் என்றால், அது இல்லாமலும் அதே 15,000 வந்திருக்கும். மூன்றரை லட்சத்துக்கு 48,000 என்பது வேறு கணக்கு. என் மூன்றாவது வீட்டில் ஆசைப்பட்டு ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டேன். வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஒரு அம்மா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார், பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்த்தார், ஏசிக்குத் தனி லைன் இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம், "துணி காயப் போட இடம் எங்கே?"